பாதுகாப்பு என்னும் பெயரில்: கைத்தொலைபேசியும் கூகிளின் சான்றிதழும்

2007ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி கூகிள் உள்ளிட்ட 34 நிறுவனங்கள் ஒன்றுகூடித் 'திறந்த கைத்தொலைபேசிக் கூட்டணி' என்னும் பெயரில் ஓர் அமைப்பை அறிவித்தன. அன்ட்ரொயிட் என்னும் பணிசெயல் முறைமை அன்றுதான் உலகிற்கு அறிமுகமாயிற்று. லினக்ஸைக் கருவாகக் கொண்டு கட்டப்பட்ட அம்முறைமையின் மூலநிரல் எவருக்கும் கிடைக்கும்; எவரும் அதனை எடுத்து மாற்றலாம்; மாற்றியதை விற்கவும் செய்யலாம் என்று அப்போது கூறப்பட்டது. கூட்டணியின் பெயரிலேயே 'திறந்த' என்னும் அடைமொழி முன்னிற்பதை நோக்குக. அதே மூலநிரலை எடுத்து, அதன் குறைகளைக் களைந்து, பாவனையாளரின் அந்தரங்கத்தை மேலும் காக்கும் வண்ணம் செப்பனிட்டு இன்று ஒருவர் தமது கைத்தொலைபேசியில் இட்டுக்கொண்டால், அவரது வங்கியின் செயலி திறக்க மறுக்கக்கூடும். காரணம் கேட்டால், அவரது கருவி நம்பத்தக்கதன்று என்ற விடை கிடைக்கும். நம்பத்தக்கதா அன்றா எனத் தீர்ப்பு எழுதுவது வங்கியன்று, அந்நாட்டு அரசாங்கமுமன்று. அன்ட்ரொயிட்டை உலகுக்குத் திறந்துவிட்டதாகப் பெருமை கொண்டாடிய அதே கூகிள்தான்.

இந்நிலை ஒரே நாளில் உருவானதன்று. அன்ட்ரொயிட் என நாம் ஒரு பெயரால் அழைப்பது உண்மையில் இரு பொருள்களின் சேர்க்கையாகும். ஒன்று, மூலநிரல் வெளியிடப்படும் அடிப்படை முறைமை. மற்றையது, அதன்மேல் அமர்ந்திருக்கும் கூகிளின் சொந்தச் சேவைகள்: பிளே ஸ்டோர், நிலப்படம், அறிவித்தல்களைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, இருப்பிடங் காணும் ஏற்பாடு முதலியன. முன்னையது திறந்தது, பின்னையது மூடியது. காலஞ்செல்லச் செல்ல முன்னையதிலிருந்து பின்னையதற்குப் பல தொழிற்பாடுகள் இடம்பெயர்ந்தன. செயலிகளை ஆக்குவோரும் பின்னையதையே நம்பித் தமது செயலிகளை எழுதலாயினர். தெருக்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு அடுக்களையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டவரின் விருந்தோம்பல் இது. 'வீடு திறந்துதானே கிடக்கிறது' என்று அவர் சொல்வதும் பொய்யன்று. பசித்து வந்தவனுக்குத்தான் உண்மை தெரியும்.

அடுக்களைச் சாவியைப் பெறுவதற்குக் கைத்தொலைபேசி உற்பத்தியாளர் கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தங்கள் சில இருந்தன. அவற்றுள் முதன்மையானது, கூகிளின் சோதனைகளில் தேறாத அன்ட்ரொயிட் கிளை எதனையும் தமது எந்த ஒரு கருவியிலும் விற்பதில்லை என்ற உறுதிமொழியாகும். பத்து வகைக் கைத்தொலைபேசிகளில் ஒன்பது வகைக்குக் கூகிளின் முறைமையை இட்டுப் பத்தாவது வகைக்கு வேறொரு கிளையை இடுவதும் குற்றமே. 2012 செப்டெம்பரில் தாய்வானின் ஏசர் கம்பனி, சீனாவின் அலிபாபா ஆக்கிய அலியூன் முறைமையில் இயங்கும் கைத்தொலைபேசி ஒன்றை வெளியிட நாள் குறித்திருந்தது. விழா தொடங்குவதற்குச் சற்று முன்னர் அது இரத்தாயிற்று. அன்ட்ரொயிட் தொடர்பான ஒத்துழைப்பை நிறுத்திவிடுவதாகக் கூகிள் ஏசரை எச்சரித்ததே காரணமென அலிபாபா பகிரங்கமாகக் கூறியது. அலியூன் என்பது அன்ட்ரொயிட்டுடன் ஒத்திசையாத ஒரு கிளை, கூட்டணியிற் சேர்ந்தோர் அத்தகைய கிளைகளை ஆதரிப்பதில்லையென வாக்களித்தவர்கள் என்பது கூகிள் தரப்பின் விளக்கம். விளக்கம் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. அதற்கு நியாயம் கற்பித்தது. அவ்வளவே.

இவ்வொப்பந்தங்கள் நீதிமன்றங்களின் முன் நிற்காமற் போகவில்லை. 2018 ஜூலை 18ஆம் திகதி ஐரோப்பிய ஆணைக்குழு கூகிளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. கிளைகளை வளரவிடாது தடுத்தமை அத்தீர்ப்பிற் கண்ட மூன்று குற்றங்களில் ஒன்று. அமசோனின் ஃபயர் முறைமையை இட்டுக் கைத்தொலைபேசி விற்க முன்வந்திருக்கக்கூடிய உற்பத்தியாளர் பலரை அந்த ஒப்பந்தம் தடுத்துவிட்டதென ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. 2022 செப்டெம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தண்டத்தை 412.5 கோடியாகக் குறைத்ததாயினும், கிளைகளைத் தடுத்தமை குற்றமே என்ற முடிவை உறுதிசெய்தது. தென்கொரியாவின் போட்டி ஆணைக்குழு 2021இல் இதே வகை ஒப்பந்தங்களுக்காக 20,700 கோடி வொன்னுக்கு மேற்பட்ட தண்டத்தை விதித்தது. இந்தியாவின் போட்டி ஆணைக்குழு 2022 ஒக்டோபரில் 1,337.76 கோடி ரூபா தண்டம் விதித்தது. மூன்று பிரதேசங்கள், மூன்று வேறுபட்ட சட்ட மரபுகள். கண்டறிந்த உண்மை ஏறத்தாழ ஒன்று. ஐரோப்பாவில் விற்கும் உற்பத்தியாளர் இனிக் கிளைகளையும் ஆக்கலாமெனக் கூகிள் 2018 ஒக்டோபரில் இணங்கியது.

இத்துடன் விடயம் முடிந்ததென எண்ணுவோர் சட்டத்தை அறிந்தோராயினும் பொறியை அறியாதோராவர். ஒப்பந்தம் உற்பத்தியாளரைக் கட்டியது. பாவனையாளரைக் கட்டுவதற்கு வேறொரு கயிறு ஏற்கனவே திரிக்கப்பட்டிருந்தது. அதற்கு முதலில் வழங்கிய பெயர் சேஃப்டிநெற். பின்னர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது பிளே இன்டெக்ரிட்டி. ஒன்று பாதுகாப்பு வலை, மற்றொன்று நேர்மை. பெயர் சூட்டுவதில் கம்பனிகள் என்றுமே குறை வைத்ததில்லை.

அது இயங்கும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் அநீதி ஒளிந்திருப்பது அவ்விவரங்களிலேதான். ஒரு வங்கியின் செயலியைப் பாவனையாளர் திறக்கிறார். செயலி, கைத்தொலைபேசியில் உள்ள கூகிளின் சேவையை நோக்கி 'இக்கருவி எத்தகையது?' என வினவுகிறது. அச்சேவை கருவியின் நிலையை ஆராய்ந்து கூகிளின் சேவையகத்துக்கு அறிவிக்கிறது. சேவையகம் ஒரு தீர்ப்பை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறது. வங்கி அத்தீர்ப்பைப் படித்து, வாடிக்கையாளரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என முடிவுசெய்கிறது. தீர்ப்பில் மூன்று படிகள் உண்டு: அடிப்படை நேர்மை, கருவி நேர்மை, வலுவான நேர்மை. இரண்டாம் படியைப் பெறவேண்டுமாயின் அக்கருவி கூகிளின் சான்றிதழ் பெற்ற, கூகிளின் சேவைகளை உரிமத்துடன் கொண்ட கருவியாக இருத்தல் வேண்டும். ஆகவே 'இம்முறைமை பாதுகாப்பானதா?' என்பது இங்கு கேட்கப்படும் கேள்வியன்று. 'இம்முறைமை எம்மிடம் உரிமம் பெற்றதா?' என்பதே கேள்வி. முதற் கேள்விக்கான விடையென நம்பி வங்கி வாங்கிக்கொள்வது இரண்டாம் கேள்விக்கான விடையையே.

இவ்வாளமாறாட்டத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டே போதும். கிரபீன் என்னும் பணிசெயல் முறைமை அன்ட்ரொயிட்டின் மூலநிரலிலிருந்து ஆக்கப்படுவது. அதன் நோக்கம் அந்தரங்கமும் பாதுகாப்புமேயாகும். நினைவகத்தைத் தாக்கி உட்புகும் வழிகளை அடைப்பதற்கு அது தனக்கெனக் கடினப்படுத்திய ஏற்பாடுகளைக் கொண்டுள்ளது. எந்தச் செயலி இணையத்தை அணுகலாம், எது அணுகலாகாது என்பதைப் பாவனையாளரே தீர்மானிக்க அது இடமளிக்கிறது. கருவியின் உணரிகளையும் அவ்வாறே தடுக்கலாம். கூகிளின் சேவைகள் தேவைப்படுவோர் அவற்றை நிறுவிக்கொள்ளவும் 2021 முதல் வழியுண்டு. ஆனால் அங்கு அவை ஏனைய செயலிகளைப்போல ஒரு சாதாரணச் செயலியாகவே வாழவேண்டும். அரண்மனைக்காரருக்குக் குடியானவனின் வீட்டில் கொடுக்கும் பாய்தான் கிடைக்கும். நெடுங்காலமாக இம்முறைமை கூகிளின் சொந்தத் தயாரிப்பாகிய பிக்சல் கைத்தொலைபேசிகளிலேயே இயங்கி வந்துள்ளது. பிக்சல் கருவியோ, மாற்று முறைமை ஒன்றை இட்டபின் அதன் ஆக்குநரின் சாவியைக் கொண்டே பூட்லோடரை மீண்டும் பூட்டிக்கொள்ள இடமளிப்பது. பூட்டியபின், ஒவ்வொரு முறை கருவியை ஏற்றும்போதும் முறைமையில் எவரும் கைவைக்கவில்லை என்பதை வன்பொருளே சரிபார்க்கும். எந்த அளவுகோலால் அளந்தாலும் இத்தகைய கருவி சந்தையில் உள்ள மிகப் பாதுகாப்பான கருவிகளுள் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

அதற்குப் பிளே இன்டெக்ரிட்டி வழங்கும் தீர்ப்பு யாது? அடிப்படை நேர்மை, அதற்கு மேல் இல்லை. கருவி நேர்மை மறுக்கப்படுகிறது. வலுவான நேர்மையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

மறுபக்கத்தை நோக்குக. பல ஆண்டுகளுக்கு முன் மலிவு விலைக்கு விற்கப்பட்டு, உற்பத்தியாளரால் கைவிடப்பட்டு, ஒரு பாதுகாப்புத் திருத்தமேனும் கிட்டாத கைத்தொலைபேசியொன்று உள்ளது என்று கொள்வோம். அதிலுள்ள ஓட்டைகள் பகிரங்கமாக அச்சில் ஏறியவை. அவற்றைப் பயன்படுத்தும் வழியும் அறியப்பட்டதே. ஆயினும் அது சான்றிதழ் பெற்ற கருவி. எனவே கருவி நேர்மை அதற்கு உண்டு. 2025 மே மாதத்தில் கூகிள் விதிகளை இறுக்கியபோது, அன்ட்ரொயிட் 13ஆம் பதிப்பிலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் வலுவான நேர்மை பெறவேண்டுமாயின் கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்புத் திருத்தம் பெற்றிருத்தல் வேண்டும் என விதித்தது. நல்ல விதிதான். ஆனால் 12ஆம் பதிப்பும் அதற்கு முந்தியனவும் அவ்விதிக்கு விலக்கு! பழையது, கவனிப்பாரற்றது, ஓட்டை நிறைந்தது, ஆதலால் அதனிடம் திருத்தம் கேட்கப்படமாட்டாது. புதியது, திருத்தப்பட்டது, பூட்டப்பட்டது, ஆயினும் உரிமம் அற்றது. ஆதலால் அது வாசலில் நிற்கவேண்டும். பாதுகாப்பே நோக்கமாயின் இத்தகைய வரிசை எக்காலத்திலும் உருவாகியிராது. நோக்கம் வேறு என்று கொண்டால் மட்டுமே இவ்வரிசை பொருள்படும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் பல. அவற்றுள் கனமானது ஒன்று. வங்கிக் கணக்குகளைக் கொள்ளையிடும் செயலிகள் பெருகிவிட்டன. முறைமையில் கைவைக்கப்பட்ட கருவியை வங்கி ஏன் நம்பவேண்டும் என்பது அது. இக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் தகாது. பூட்லோடர் திறந்தே கிடக்கும் கருவியொன்று களவாடப்பட்டால் அதில் எவரும் எதனையும் இடலாம். எல்லா உரிமைகளும் செயலிகளுக்குத் திறந்துவிடப்பட்ட கருவியில் ஒரு கள்ளச் செயலி ஏனைய செயலிகளின் தரவுகளைப் பார்க்கலாம். மாற்று முறைமைகள் அனைத்தும் ஒரே தரத்தன என்பதும் உண்மையன்று. பரவலாகப் பயன்படும் லீனியேஜ் முறைமை பெரும்பாலான கருவிகளில் பூட்லோடர் திறந்த நிலையிலேயே இயங்குவது. பழைய கருவிகளுக்கு மறுவாழ்வு அளிப்பது அதன் பெருஞ்சேவை. ஆயினும் இந்த விடயத்தில் அது கிரபீனுக்கு நிகரன்று. மாற்று முறைமைகளின் ஆதரவாளர் சிலர் இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவது தமது வழக்கைத் தாமே பலவீனப்படுத்துவதாகும்.

ஆனால் இவ்வாதம் எதனை வேண்டி நிற்கிறது? பாதுகாப்பான கருவியையும் பாதுகாப்பற்ற கருவியையும் வேறுபடுத்தும் ஓர் அளவுகோலை. அத்தகைய அளவுகோல் அன்ட்ரொயிட்டிலேயே உண்டு. வன்பொருளின் சான்றுரை எனப்படும் அவ்வேற்பாடு, கருவியின் பாதுகாப்புச் சில்லே கையொப்பமிட்டு வழங்கும் அறிக்கையாகும். பூட்லோடர் பூட்டப்பட்டுள்ளதா, முறைமை எந்தச் சாவியால் சரிபார்க்கப்பட்டது, எந்த மாதத்துத் திருத்தம் வரை பெற்றுள்ளது என்பனவெல்லாம் அதில் அடங்கும். கூகிளின் உரிமம் உண்டா இல்லையா என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. வங்கி விரும்பினால் கிரபீனின் சாவியை ஏற்றுக்கொண்டு, திறந்த பூட்லோடரை மறுத்து, இரண்டாண்டுகளாகத் திருத்தம் பெறாத கருவியையும் மறுத்துவிடலாம். பாதுகாப்பைப் பற்றி உள்ளபடியே கவலைகொண்ட வங்கி செய்யவேண்டியது அதுவே. செய்யாமைக்குக் காரணம் சோம்பலேயன்றி வேறன்று. ஆயத்த ஆடை கடையில் தொங்கும்போது அளவெடுத்துத் தைப்பவர் யார்?

மேலும், கள்வரைப் பிடிப்பதற்கென விரிக்கப்பட்ட இவ்வலையில் கள்வர் அகப்படுவதுமில்லை. சான்றிதழ் பெற்ற கருவிகளிலிருந்து கசிந்த சாவிகளைக் கொண்டு போலித் தீர்ப்புப் பெறும் கருவித்தொகுதிகள் ஆண்டுக்கணக்கில் புழக்கத்தில் உள்ளன. கூகிள் ஒரு சாவியை இரத்துச் செய்ய, வேறொன்று கசியும். பொய்யுரைக்கத் துணிந்தவர் கருவி நேர்மையைப் பெற்றுவிடுகிறார். கிரபீனின் ஆக்குநரைப்போலப் பொய்யுரைக்க மறுத்துத் தாம் இன்னார் எனத் திறந்து சொல்பவரே தண்டிக்கப்படுகிறார். 'நேர்மை' என்னும் பெயர் கொண்ட ஏற்பாடு நேர்மையானவரை மட்டுமே பிடிக்கிறது என்பதிலுள்ள நகைச்சுவை, அதனை ஆக்கியோருக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

மற்றொரு வாதம், இவர்கள் மிகச் சிலர், இச்சிலருக்காக உலகம் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது. வாசலை அடைத்து வைத்துவிட்டு, உள்ளே ஆட்கள் குறைவாக இருப்பதைக் காட்டி வாசல் தேவையில்லை என வாதிடும் வாதம் இது. 2016இல் புகழ்பெற்ற போக்கிமொன் விளையாட்டு கைவைக்கப்பட்ட கருவிகளை விலக்கியது. 2017 மே மாதத்தில் நெட்பிளிக்ஸ் சான்றிதழற்ற கருவிகளுக்குப் பிளே ஸ்டோரில் தன் செயலியைக் காட்டாது மறைத்தது. 2018 மார்ச்சில் சான்றிதழற்ற கருவிகளில் கூகிளின் செயலிகளுக்குள் நுழைவதே தடைப்பட்டு, மாற்று முறைமை இடுவோர் தமது கருவியின் இலக்கத்தைக் கூகிளிடம் பதியவேண்டியதாயிற்று. கூகிளிடமிருந்து விலகி நிற்க விரும்பியோர் கூகிளிடமே சென்று பெயர் பதிந்து அனுமதி பெறவேண்டும் என்பது அதன் பொருள். முதலில் விளையாட்டு, பின் திரைப்படம், பின் வங்கி. ஒவ்வொரு கதவாக அடைபட அடைபட, மாற்று முறைமைக்கு வர எண்ணுவோர் தயங்குவர். தயங்குவதால் அவர் தொகை குறையும். தொகை குறைவதால் அடுத்த கதவை அடைப்பது எளிதாகும். சிறுபான்மை இங்கு காரணமன்று, விளைவு.

கம்பனிக்குத் தன் கடையைக் காக்க உரிமை இல்லையா எனக் கேட்போரும் உளர். அப்பிள் தன் வீட்டை முதல் நாளிலிருந்தே பூட்டி வைத்திருக்கிறது, அதனைக் கேளாது கூகிளை மட்டும் ஏன் கேட்கவேண்டும் என்பது அவர்களது மனத்தாங்கல். அப்பிளைக் கேட்க வேண்டாம் என எவரும் சொல்லவில்லை. ஆயின் அப்பிள் எக்காலத்திலும் தன் முறைமையைத் திறந்தது எனக் கூறி உலகத்து உற்பத்தியாளரைத் தன்பின் அணிவகுக்கச் செய்யவில்லை. சீனா நீங்கலாக உலகில் ஏனைய உற்பத்தியாளர் உரிமம் பெற்று இடக்கூடிய கைத்தொலைபேசி முறைமைகளுள் 95 வீதத்துக்கு மேற்பட்டது அன்ட்ரொயிட்டே என ஐரோப்பிய ஆணைக்குழு 2018இல் கண்டது. அந்நிலைக்கு அதனை ஏற்றிவிட்ட ஏணி 'திறந்த' என்னும் சொல். ஏறியபின் ஏணியை எடுத்துவிடும் உரிமையைக் 'கடைக்காரர் உரிமை' எனப் பெயரிட்டு அழைப்பது பொருந்தாது.

இனி, இப்பிரச்சினையின் மிகக் கடுமையான பகுதி. விளையாட்டும் திரைப்படமும் போகட்டும், வங்கியையும் மாற்றிக்கொள்ளலாம். அரசாங்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? அடையாள அட்டையும் சாரதி அனுமதிப்பத்திரமும் கைத்தொலைபேசிக்குள் புகும் காலம் இது. 2025ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு, வயதைச் சரிபார்க்கும் செயலியொன்றின் மாதிரியை உறுப்பு நாடுகளுக்கென வெளியிட்டது. அதன் அன்ட்ரொயிட் மாதிரி தொடர்பான ஆவணத்தில், கருவியைச் சரிபார்ப்பதற்குப் பிளே இன்டெக்ரிட்டியைப் பயன்படுத்தும் எண்ணம் குறிக்கப்பட்டிருந்தமை கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. கிளைகளைத் தடுத்தாய் எனக் கூகிளுக்கு 434 கோடி யூரோ தண்டம் விதித்த அதே ஆணைக்குழுவின் நிழலில், அதே தடையைப் பொதுச்சேவையின் வாசலில் நாட்டும் யோசனை எழுதப்பட்டது! ஒரு கை விதித்த தண்டத்தை மறுகை வட்டியுடன் திருப்பிக்கொடுக்கும் விந்தை இது. தன் வயதைத் தன் அரசுக்கு நிரூபிக்க விரும்பும் பிரான்சு தேசத்து அல்லது டென்மார்க்குத் தேசத்துக் குடிமகன், முதலில் கலிபோர்னியாவிலுள்ள தனியார் கம்பனியொன்றின் நற்சான்றுப் பத்திரத்தைக் காட்டவேண்டும் என்றால், அங்கு இறைமை யாரிடம் உள்ளது?

இவ்வினா வெறும் சொற்சிலம்பமன்று. 2019 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் சீனாவின் ஹுவாவி கம்பனியைத் தன் வர்த்தகத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் அக்கம்பனி வெளியிட்ட மேற் 30 கைத்தொலைபேசியில் கூகிளின் சேவைகள் இல்லை. அன்ட்ரொயிட்டின் திறந்த மூலநிரல் அப்போதும் அதற்குக் கிடைத்தது. தடுக்கப்பட்டது உரிமமும் சான்றிதழுமே. உலகின் மிகப்பெரிய உற்பத்தியாளருள் ஒருவராகிய அந்நிறுவனம் சீனாவுக்கு வெளியே தன் சந்தையிற் பெரும்பங்கை இழந்தது. ஹுவாவியின் குணநலன்கள் இங்கு விவாதத்துக்குரியனவல்ல. சான்றிதழின் சாவி கூகிளின் மடியில் இருப்பினும், கூகிள் இருப்பது வாஷிங்டனின் சட்டத்தின் கீழ் என்பதே கவனத்துக்குரியது. தமது பொதுச்சேவைகளை இச்சாவியிற் கட்டிவைக்கும் அரசுகள் எதனைக் கட்டிவைக்கின்றன என்பதை அறிந்துதான் செய்கின்றனவா?

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இப்போக்கு தணிவதாகக் காட்டவில்லை. 2025 மார்ச்சில், அன்ட்ரொயிட்டின் ஆக்கப்பணி முழுவதையும் இனித் தன் உள்ளரங்கிலேயே நடத்துவதாகவும் பதிப்பு முடிந்தபின் மூலநிரலை வெளியிடுவதாகவும் கூகிள் அறிவித்தது. அவ்வாண்டு ஜூனில் 16ஆம் பதிப்பின் மூலநிரல் வெளியானபோது, பிக்சல் கருவிகளுக்குரியனவாக முன்னர் உடன்வந்த கோப்புகள் அதில் இருக்கவில்லை. மாற்று முறைமை ஆக்குவோர் அப்பகுதியைத் தாமே உய்த்தறிந்து எழுதவேண்டியவராயினர். ஓகஸ்டில் மற்றோர் அறிவிப்பு வந்தது. சான்றிதழ் பெற்ற கருவிகளில், பிளே ஸ்டோருக்கு வெளியேயிருந்து நிறுவும் செயலியாயினும், அதனை ஆக்கியவர் தம் அடையாளத்தைக் கூகிளிடம் மெய்ப்பித்திருத்தல் வேண்டும். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டெம்பரிலும், பின்னர் ஏனைய நாடுகளிலும் இது நடைமுறைப்படும் என்பது அது. மோசடிச் செயலிகளால் இந்நாடுகள் பாதிக்கப்பட்டமையே காரணமெனக் கூறப்பட்டது. கட்டற்ற மென்பொருள்களை மூலநிரலிலிருந்து தானே கட்டி 2010 முதல் வழங்கிவரும் எஃப்-டிரொயிட், இவ்விதி தன்போன்ற களஞ்சியங்களின் உயிரைக் குடிக்கும் என முறையிட்டது. எதிர்ப்பு வலுத்தபின் அனுபவமுள்ள பாவனையாளருக்கு ஒரு மாற்றுவழி வைப்பதாக நவம்பரில் கூகிள் இறங்கிவந்தது. குரல் எழுப்பினால் இறங்கி வருவார்கள் என்பது இதனால் தெரிகிறது. எழுப்பாவிட்டால் என்ன நிகழும் என்பதும் அதே அளவுக்குத் தெரிகிறது.

இங்கு ஓர் உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது. பிளே இன்டெக்ரிட்டி தீர்ப்பு எழுதுகிறது. கதவை அடைப்பது அதுவன்று. அடைப்பது வங்கி, அடைப்பது அமைச்சு, அடைப்பது போக்குவரத்துத் திணைக்களம். ஆகவே கோரிக்கைகள் கூகிளை மட்டும் நோக்கிச் செல்வது போதாது. 2024 மார்ச் முதல் வாயில்காப்போர் மீது கட்டுப்பட்டுள்ள ஐரோப்பிய எண்ணிமச் சந்தைச் சட்டம், வன்பொருளிலும் முறைமையிலும் உள்ள வசதிகளைப் பிறருக்கும் சமமாகத் திறந்துவிடுமாறு பணிக்கிறது. அச்சட்டத்தின் கண்கொண்டு சான்றிதழ் ஏற்பாட்டை விசாரிக்கும் பொறுப்பு ஆணைக்குழுவினுடையது. அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை வங்கிக்கும் அமைச்சுக்கும் இல்லை. கிரபீனின் ஆக்குநர் தமது முறைமையின் சாவி அடையாளங்களைப் பகிரங்கமாக வெளியிட்டுள்ளனர். அவற்றைச் சரிபார்க்கும் வழியையும் செயலி ஆக்குவோருக்கென எழுதி வைத்துள்ளனர். கருவிக்கொன்றாக அமைந்த சில எழுத்துத் தொடர்கள்தாம் அவை. வங்கியின் சேவையகத்திலுள்ள பட்டியலில் அத்தொடர்களைச் சேர்ப்பது ஒரு பொறியியலாளரின் ஒருசில நாள் வேலை. அதற்குக் கூகிளின் அனுமதி தேவையில்லை.